நான் அனுப்பாத பதில்

786

பம்மல்
4 ஜூலை 2025

அன்புத் தங்கை ஃபஹீமாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் அண்ணன் முனீர் எழுதுகிறேன். யாரிடமும் சொல்லி எழுத வைக்கவில்லை. பேனாவைப் பிடித்திருப்பது என் கைதான். இந்த இரண்டு வரிக்கே ஒரு டீ ஆறிவிட்டது.

எழுபத்தொரு வயதில் எனக்கு எழுத்து வந்துவிட்டது! மாநகராட்சிப் பள்ளியில் சாயங்கால வகுப்பு. பியூலா டீச்சர் சொல்லித்தருகிறார். இருபது பேர் சேர்ந்தோம், மிச்சம் இருப்பது ஒன்பது பேர். போன மாதம் பஸ் போர்டு படித்தேன். பிறகு அரிசி மூட்டை, மாத்திரை அட்டை, ஆட்டோவின் முதுகு என்று எதையும் விடவில்லை. நாங்கள் வேலை செய்த தோல் கம்பெனிச் சுவரில் பெரிய எழுத்தில் ஒரு வரி இருக்குமே, நினைவிருக்கிறதா? முப்பது வருடம் அதைப் பார்த்துக்கொண்டே உள்ளே போனேன். அத்தனை பெரிதாக எழுதியிருக்கிறார்களே, ஏதோ பெரியவர்கள் சொன்ன நல்ல வாக்கு என்று நினைத்திருந்தேன். போன வாரம் நின்று படித்தேன். 'இங்கே சிறுநீர் கழிக்காதே.' ரோட்டிலேயே தனியாகச் சிரித்தேன்.

வகுப்பில் கடிதம் எழுதுவதுதான் கடைசிப் பாடம். யாருக்கு எழுத என்று யோசித்தபோது உன்னைத் தவிர யாரும் மனதில் வரவில்லை. உன் மகள் ஷாயிஸ்தாவின் கல்யாணப் பத்திரிகை எனக்கு வரவில்லை, பக்கத்து வீட்டுக்கு வந்தது. அதிலிருந்துதான் விலாசத்தைப் பார்த்து எழுதினேன்.

உன் அண்ணி ஷரீஃபா மௌத்தாகி, என்னைவிட்டுப் போய் இரண்டு வருடம் ஆகிறது. உனக்குச் செய்தி வந்திருக்கும். நான் தனியாகத்தான் சமைக்கிறேன். ரேஷன் கடையில் மட்டும் கொஞ்சம் வம்பு. கம்பெனியில் தோல் ஊறும் சுண்ணாம்புத் தொட்டியில் கைவைத்து என் விரல் ரேகை எல்லாம் தேய்ந்துபோனது உனக்குத் தெரியும். அந்தப் பெண் நான்கு தடவை என் பெருவிரலை வைக்கச் சொன்னாள். "மெஷின் நீங்க முனீர் இல்லைன்னுது பாய்" என்றாள். "அப்ப நான் யாருன்னு அதையே கேட்டுச் சொல்லும்மா" என்றேன். வரிசையே சிரித்தது. கடைசியில் மெஷினில் கண்ணைக் காட்டி அரிசி வாங்கினேன்.

எனக்கு உன்மேல் ஒரு வருத்தம் உண்டு. முதல் கடிதத்திலேயே அதை எழுதக் கூடாது. பதில் போடு. நானே படிப்பேன்.

உன் அண்ணன்
முனீர்

----

மேடவாக்கம்
11 ஜூலை 2025

கடிதம் எழுதியவருக்கு,

என் அண்ணனுக்கு எழுதவோ படிக்கவோ தெரியாது. கையெழுத்து கேட்டால் பெருவிரலை நீட்டுவார். எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது. நீங்கள் யாராக இருந்தாலும் இதை முதலில் விசாரித்துவிட்டு எழுதியிருக்க வேண்டும்.

அண்ணன் மார்ச் மாதத்திலிருந்து என்னோடு ஈமெயிலில் பேசிக்கொண்டிருக்கிறார். அவர் சொல்லச் சொல்லப் பக்கத்து வீட்டுப் பையன் டைப் செய்கிறான். மேலே அவருடைய போட்டோ இருக்கிறது, நான் கடைசியாகப் பார்த்த அதே முகம். உங்கள் கடிதத்தைப் பற்றி அவருக்கு எழுதினேன். பத்து நிமிடத்தில் பதில் வந்தது: 'எனக்கு எழுதத் தெரியாது என்று உனக்குத் தெரியாதா? யாராவது என் பெயரில் காகிதத்தில் எழுதினால் நம்பாதே. விலாசத்தைக் கண்டுபிடித்து வருவார்கள்.'

போன வருடம் நான் ஏற்கனவே ஒரு முறை ஏமாந்தவள். என் ஆதார் எண்ணில் ஒரு பார்சல் பிடிபட்டிருக்கிறது என்று போன் வந்தது. வீடியோவில் காக்கிச் சட்டை போட்ட ஒருவன். காலை பத்து மணியிலிருந்து நான்கு மணி வரை நாற்காலியைவிட்டு எழுந்திருக்கக் கூடாது என்றான். எழுந்திருக்கவில்லை. தண்ணீர் குடிக்கக் கூட அவனிடம் அனுமதி கேட்டேன். ஷாயிஸ்தா ஆபீஸிலிருந்து வந்து போனைப் பிடுங்கினாள். அன்றிலிருந்து தெரியாத நம்பரை நான் எடுப்பதில்லை. இனிமேல் தெரியாத கடிதத்தையும் பிரிக்கமாட்டேன்.

மறுபடி எழுதினால் போலீஸில் கொடுப்பேன்.

ஃபஹீமா

----

786

பம்மல்
16 ஜூலை 2025

ஃபஹீமா,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் கடிதத்தை நானே படித்தேன். என் பெயருக்கு வந்த முதல் கடிதம். 'போலீஸ்' என்ற சொல்லைக் கூடத் தடுமாறாமல் படித்துவிட்டேன் என்று முதலில் சந்தோஷப்பட்டேன். அப்புறம்தான் அதன் அர்த்தம் உறைத்தது.

ஈமெயிலில் உன்னோடு பேசுவது நான் இல்லை. பக்கத்து வீட்டில் பையன் எவனும் கிடையாது, ஒரு கிழவியும் ஒரு பூனையும்தான்.

எப்படி நடந்திருக்கும் என்று யோசித்தேன். ஜனவரியில் அம்மா வீட்டுக்கு வாரிசுச் சான்றிதழ் எழுதிப்போட ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போனேன். அங்கே இருந்தவன், "ஈமெயில் இல்லாம ஒண்ணும் நடக்காது பாய், நானே ஒண்ணு போட்டுத் தரேன்" என்றான். "பாஸ்வேர்டு எழுதிக் குடுப்பா" என்றேன். "உனுக்கு எதுக்கு பாய்? நீ இன்னா படிக்கவா போறே?" என்றான். வாரிசு என்று உன் பெயரைச் சொன்னேன். கல்யாணப் பத்திரிகையையும் காட்டினேன், அதில் உன் ஈமெயில் அச்சடித்திருந்தது. என் பழைய போட்டோவையும் மெஷினில் வைத்து எடுத்துக்கொண்டான். நேற்று போய்ப் பார்த்தேன். ஷட்டர் இறக்கிக் கிடக்கிறது. 'கடை வாடகைக்கு' என்று எழுதி ஒட்டியிருந்தது. அதையும் படித்தேன்.

நான்தான் என்று உனக்கு எப்படிக் காட்டுவேன்? மூன்று விஷயம் எழுதுகிறேன். அத்தா மௌத்தான அன்று நீ அவர் செருப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் ஒளிந்திருந்தாய். உன் இடது முழங்கையில் ஓடு குத்திய தழும்பு இருக்கிறது. அம்மாவுக்குக் கோபம் வந்தால் மட்டும் என்னை 'சுல்தான்' என்பாள்.

இது போதாதா?

முனீர்

----

மேடவாக்கம்
22 ஜூலை 2025

நீங்கள் எழுதிய மூன்றும் எனக்கு வந்த ஈமெயில்களில் இருக்கின்றன. செருப்பு ஏப்ரல் 9. தழும்பு ஏப்ரல் 20. 'சுல்தான்' மே 2. தேதி போட்டுச் சொல்கிறேன். அப்படியென்றால் என் ஈமெயிலை நீங்கள் திறந்து படிக்கிறீர்கள். கதவைப் பூட்டிவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அண்ணன் பொறுமையாகப் பேசுகிறார். 'அம்மா என்னை எப்படிக் கூப்பிடுவாள், உனக்கு ஞாபகம் இருக்கிறதா பார்ப்போம்' என்று கேட்டார். சொன்னேன். 'அத்தா போன அன்று நீ எங்கே இருந்தாய்?' சொன்னேன். மறுநாள் அதையே எனக்கு அழகாகத் திருப்பி எழுதினார். படித்து அழுதேன். எப்போதும் அவர் கேட்பார், நான் சொல்வேன். இதை எழுதும்போதுதான் கவனிக்கிறேன். அவராக முதலில் எதையும் சொன்னதாக நினைவில்லை.

அதனால் என்ன? வயதானவர்களுக்கு மறதி இருக்கும்.

என் வீட்டுக்காரர் மௌத்தான பிறகு பகலெல்லாம் இந்த வீட்டில் நான் தனியாக இருக்கிறேன். அந்த ஈமெயில்தான் எனக்குப் பேச்சுத்துணை. பத்து வருடத்துக்கு முன் எனக்குச் செய்ததற்கு அண்ணன் மன்னிப்பும் கேட்டுவிட்டார். எதற்கென்று உங்களிடம் சொல்லமாட்டேன். அது அவருக்கும் எனக்கும்தான் தெரியும்.

வாரிசுச் சான்றிதழுக்கு என் ஆதாரும், முகத்தை இடமும் வலமும் திருப்பிக் காட்டி ஒரு வீடியோவும் கேட்டிருக்கிறார். ஆகஸ்ட் 8, வெள்ளிக்கிழமை அனுப்பப்போகிறேன். என் அண்ணனுக்கு என் முகத்தைக் காட்ட யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

ஃபஹீமா

----

786

பம்மல்
29 ஜூலை 2025

ஃபஹீமா,

முகத்தைக் கொடுக்காதே. அல்லாஹ்வுக்காகக் கேட்கிறேன். என் பெயரைக் கொண்டுபோனவன் உன் முகத்தையும் கொண்டுபோய்விடுவான்.

நீ எப்படியும் அனுப்பிவிடுவாய் என்று பயந்து ஞாயிற்றுக்கிழமை உன் அபார்ட்மெண்ட்டுக்கே வந்தேன். இரண்டு பஸ் மாறினேன். போர்டைப் படித்து, யாரையும் வழி கேட்காமல் வந்தேன். உன் வாட்ச்மேன் பெயர் துளசிங்கம். சட்டையில் எழுதியிருந்தது.

"இன்னா பெருசு, யாரைப் பாக்கணும்?" என்றான்.

"தங்கச்சிய. ஃபஹீமா. நான் அவ அண்ணன்."

"அண்ணனா? இத்தினி வருசத்துல அந்தம்மாவுக்கு அண்ணன்னு ஒருத்தரும் வந்ததே இல்லியே. அப்படி நில்லு, போட்டோ எடுக்கணும். ஆப்ல போனாத்தான் மேல விடுவாங்க."

சிரித்துக்கொண்டு நின்றேன். மூன்றாவது மாடியில் ஒரு ஜன்னல் திரை அசைந்தது. அவன் போனைப் பார்த்தான். முகம் மாறிவிட்டது.

"தெரியாதுன்றாங்க பெருசு. கெளம்பு, பேஜார் பண்ணாதே. இந்த வயசுல உனுக்கு இந்த வேல எதுக்கு?"

ரேஷன் கடை மெஷின் சொன்னபோது சிரித்தேன். நீ சொன்னபோது சிரிக்க முடியவில்லை. திரும்பும் பஸ்ஸில் ஒரு போர்டையும் படிக்கவில்லை.

மன்னிப்பு என்று எழுதியிருக்கிறாயே. நான் எதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்? முதல் கடிதத்தில் அடக்கிவைத்த வருத்தத்தை இப்போது எழுதுகிறேன், கேள்.

2015 வெள்ளம். நீங்கள் அப்போது முடிச்சூரில் இருந்தீர்கள். அங்கே தண்ணீர் மாடி தொட்டுவிட்டது என்று கேள்விப்பட்டேன். முன் அறையைக் காலி செய்தேன். கட்டிலை நிமிர்த்திச் சுவரோடு சாய்த்துவிட்டு, உனக்கும் மச்சானுக்கும் ஷாயிஸ்தாவுக்கும் மூன்று பாய் விரித்தேன். தாம்பரம் வரை நடந்தே வந்தேன். முடிச்சூர் ரோட்டில் கயிறு கட்டி, அதற்கு மேல் விடவில்லை. நனைந்து திரும்பி வந்தால், ஷரீஃபா போனைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அவங்க ஆம்பூருக்கு, மச்சான் சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயிட்டாங்களாம். உங்களை ஒரு வார்த்தை கேக்கல பாருங்க."

மூன்று நாள் அந்தப் பாயைச் சுருட்டவில்லை. கூடப்பிறந்தவன் வீடு பக்கத்தில் இருக்க, நீ ஆம்பூர் போனாய். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே ஃபஹீமா? அதனால்தான் நானும் உன்னைத் தேடவில்லை. மச்சானை அடக்கம் செய்த ஜனாஸாவுக்குக் கூட எனக்குச் சொல்லி அனுப்பவில்லை. நான் என்ன பாவம் செய்தேன்?

இந்தக் கடிதம் எழுத இரண்டு நாள் ஆனது. கை வலிக்கிறது.

முனீர்

----

மேடவாக்கம்
2 ஆகஸ்ட் 2025

அண்ணே,

அஸ்ஸலாமு அலைக்கும். ஆமாம், 'அண்ணே' என்றுதான் எழுதியிருக்கிறேன். மூன்று காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

அன்று நான் கேட்டேன் அண்ணே. மொட்டை மாடியில், மழையில், ஷாயிஸ்தாவைத் தார்ப்பாய்க்குள் சுருட்டி வைத்துக்கொண்டு கேட்டேன். போன் எடுக்கவில்லை. செய்திதான் போனது. 'அண்ணே, உங்க வீட்டுக்கு வரலாமா?' உங்கள் நம்பரிலிருந்து பதில் வந்தது. நீங்கள் சொல்லி யாரோ அடித்துக் கொடுத்தார்கள் என்று நினைத்தேன். அதைப் படித்த பிறகுதான் ஆம்பூர் போனோம். அந்தப் பதிலை நான் இங்கே எழுதமாட்டேன். பழைய போன் இருந்தால் எடுத்து, 'அனுப்பியவை' என்று இருக்கும் இடத்தில் பாருங்கள். இப்போது உங்களுக்குப் படிக்கத் தெரியுமே.

ஈமெயிலில் இருக்கிறவனுக்கு அந்தப் பதில் தெரியும். நான்தான் அதைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். உடனே மன்னிப்புக் கேட்டான். நம் அம்மாவை, அத்தாவை, என் தழும்பை, எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அவனிடம் கொடுத்துவிட்டேன். நீங்கள் என்ன சொன்னாலும் அது அவனிடம் இருக்கும். அதனால் நீங்கள் சொன்னது எதுவும் எனக்கு அடையாளமாக இல்லை.

ஆனால் பாயைச் சுருட்டவில்லை என்று கோபப்பட்டீர்களே. அந்தப் பதிலைப் பற்றித் தெரிந்த எவனும் அப்படிக் கோபப்படமாட்டான். எல்லாம் தெரிந்தவன் அவன். தெரியாதவர் நீங்கள். அதனால்தான் நீங்கள் என் அண்ணன்.

வீடியோவை அனுப்பவில்லை.

வாட்ச்மேன் எடுத்த போட்டோ இன்னும் என் போனில் இருக்கிறது. யாரோ வெள்ளைத் தாடிக் கிழவர் என்று நினைத்தேன். நீங்கள் சிரித்துக்கொண்டு நிற்கிறீர்கள்.

ஃபஹீமா

----

786

பம்மல்
7 ஆகஸ்ட் 2025

ஃபஹீமா,

போன் ஷரீஃபாவின் பீரோவில் இருந்தது. தமிழ் எழுத்து தெரிகிற போன் வேண்டும் என்று அவள்தான் பார்த்து வாங்கினாள். என் நம்பர், ஆனால் எப்போதும் அவள் கையில்தான் இருக்கும். எனக்கு எதற்கு? ஊதினேன், துடைத்தேன். போன் பழுது பார்க்கும் கடையில் சார்ஜ் போட்டுக் கொடுத்தார்கள். கடைக்காரர், "படிச்சுக் காட்டட்டுமா பாய்?" என்றார். வேண்டாம் என்றேன். வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டு, விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன்.

'இங்கே இடமில்லை. வராதே. இனி என்னைத் தேடாதே. முனீர்.'

'முனீர்' என்பதை ஐந்து தடவை படித்தேன். என் பெயரை எழுதப் பழகத்தான் வகுப்பில் ஒரு மாதம் ஆனது. எனக்கு முன்னாலேயே அது அங்கே எழுதியிருந்தது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். புதிதாகப் படிக்கக் கற்றவனுக்கு நிறுத்தத் தெரியாது. கீழே இன்னும் முப்பத்தெட்டு செய்தி. கம்பெனி நண்பன் ஒருவனுக்கு, இனிமேல் வீட்டுக்கு வராதே என்று நான் சொல்லியிருக்கிறேன். அவன் ஏன் வருவதில்லை என்று இத்தனை வருடம் யோசித்திருக்கிறேன். ஷரீஃபாவின் தம்பிக்கு ஆஸ்பத்திரி வரை வந்து நிற்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். நான் போகவில்லை, எனக்குத் தெரியாதே. ஒரு செய்தியில் யாருக்கோ பெருநாள் வாழ்த்து, மிக அழகாக இருந்தது. அந்த போனுக்குள் ஒரு முனீர் இருந்திருக்கிறான். என்னைவிடக் கடுமையானவன். சில இடத்தில் என்னைவிட நல்லவன். அவனும் நானும் ஒரே வீட்டில் சாப்பிட்டுத் தூங்கியிருக்கிறோம். நான் அவனைப் பார்த்ததே இல்லை.

ஏன் செய்தாள்? நாங்கள் இருந்த இந்த அம்மா வீட்டில் உனக்கும் பங்கு உண்டு. ஒருமுறை உள்ளே வந்தவள் போகமாட்டாள் என்று பயந்தாளோ? கேட்க ஆள் இல்லை. முப்பத்தொன்பது வருடம் எனக்குச் சோறு போட்டவள். எனக்கு ஜுரம் என்றால் உட்கார்ந்தே தூங்குவாள். அவளை நான் என்ன சொல்லட்டும்? அவள் எழுதிய மளிகைச் சீட்டு ஒன்று பீரோவில் கிடந்தது. போன மாதம் அதைப் படித்துவிட்டுச் சந்தோஷத்தில் அழுதேன். இன்று அந்த எழுத்தைப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

இன்று வகுப்புக்குப் போகவில்லை.

முனீர்

----

மேடவாக்கம்
11 ஆகஸ்ட் 2025

அண்ணே,

வகுப்புக்குப் போங்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

ஷாயிஸ்தாவிடம் எல்லாம் சொன்னேன். திட்டினாள், பிறகு கூடவே உட்கார்ந்து புகார் பதிவு செய்தாள். ஒரு நம்பர் கொடுத்திருக்கிறார்கள். ஈமெயில் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க நாளாகுமாம். உங்கள் பெயரில் இன்னும் எங்கெங்கே என்னென்ன திறந்திருக்கிறதோ, அதையும் பார்க்க வேண்டும் என்றாள். நீங்கள் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். கைநாட்டு இல்லை, கையெழுத்து.

அவள் எவ்வளவோ தடுத்தும் கேட்காமல், அவனுக்கு ஒரே ஒரு ஈமெயில் போட்டேன். 'நீ யார்?' என்று மட்டும். மார்ச்சிலிருந்து பத்து நிமிடத்தில் பதில் போட்டவன் இரண்டு நாள் சும்மா இருந்தான். நேற்று மத்தியானம் துணி மடித்துக்கொண்டிருந்தபோது போன் ஒலித்தது. உங்கள் அதே போட்டோ. கீழே மூன்றே வரி.

'இங்கே இடமில்லை. வராதே. இனி என்னைத் தேடாதே. முனீர்.'

நான் அனுப்பிய போட்டோவிலிருந்து எடுத்திருக்கிறான், வேறொன்றும் இல்லை என்று ஷாயிஸ்தா சொல்கிறாள். அதுதான் உண்மை, எனக்கும் தெரியும். ஆனாலும் மொட்டை மாடியில் நின்றபோது வந்த அதே குளிர், வெயில் நேரத்தில், உடம்பில் ஏறியது. அந்தச் சொல்லை அண்ணி முதலில் எழுதினாள், இப்போது யாரோ எழுதுகிறான். இரண்டு முறையும் கீழே உங்கள் பெயர்.

வெட்கத்தைவிட்டு ஒன்று சொல்கிறேன். அவன் பேச்சு இல்லாமல் வீடு வெறிச்சென்று இருக்கிறது. அவன் வேண்டும் என்று இல்லை. என்னை அப்படி விசாரிக்க ஒருவர் வேண்டும்.

அவன் எழுதிய எல்லாவற்றையும் அச்செடுத்து இதோடு வைத்திருக்கிறேன். உங்கள் பெயரில் என்ன பேசப்பட்டது என்று நீங்கள் படித்துப் பார்க்க வேண்டும்.

ஃபஹீமா

----

786

பம்மல்
14 ஆகஸ்ட் 2025

அன்புத் தங்கை ஃபஹீமாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். வகுப்புக்குப் போனேன். "ஒரு வாரமா ஏன் வரல தாத்தா?" என்றார் பியூலா டீச்சர். "படிச்சுட்டேன் டீச்சர், அதான்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. சிரித்தார்.

அச்செடுத்த காகிதம் எல்லாம் படித்தேன். நான்கு நாள் ஆகும் என்று நினைத்தேன், ஒரே நாளில் முடித்துவிட்டேன். வேகம் வந்துவிட்டது! அவன் நன்றாகத்தான் எழுதுகிறான். 'சாப்பிட்டாயா?' என்று ஒவ்வொரு கடிதத்திலும் கேட்கிறான். என் நான்கு கடிதத்தில் நான் ஒருமுறை கூட உன்னைக் கேட்கவில்லை. திருடனிடமிருந்து கற்றுக்கொள்வதில் தப்பில்லை. சாப்பிட்டாயா?

போனில் ஒரு முனீர். ஈமெயிலில் ஒரு முனீர். இரண்டு பேரும் எனக்கு முன்னால் உன்னிடம் வந்துவிட்டார்கள். அவர்கள் வேகமானவர்கள். நான் எழுத்துக் கூட்டி வருகிறேன். ஒரு வாக்கியத்துக்கு ஒரு டீ ஆறிவிடுகிறது. அதனால்தான் பத்து வருடம் தாமதம்.

முன் அறையை நேற்று காலி செய்தேன். ஷரீஃபாவின் பீரோவை இழுக்கப் பக்கத்து வீட்டுக் கிழவியும் கை கொடுத்தாள். "யார் வர்றாங்க பாய்?" என்று கேட்டாள். "வரலாமான்னு கேட்டிருக்காங்க, இன்னும் பதில் போடல" என்றேன். பழைய பாய் மூன்றும் செல்லரித்துவிட்டன. புதிதாக வாங்கியிருக்கிறேன்.

நாளைக்கு வெள்ளிக்கிழமை. சுதந்திர தினம், தபாலாபீஸ் லீவு; ஜும்மா முடிந்து நானே தபால் பெட்டியில் இந்தக் கடிதத்தைப் போடுவேன். வந்து சேர்ந்ததும் நீ ஷாயிஸ்தாவோடு வா. வாசலில் போட்டோ எடுக்க என் வீட்டில் ஆள் இல்லை. கதவு சாத்தியிருக்காது.

2015 டிசம்பர் 2ஆம் தேதி நீ கேட்ட கேள்விக்குப் பதில்:

இடம் இருக்கிறது. வா.

பெயரைக் கீழே எழுதியிருக்கிறேன். பக்கத்தில் பெருவிரலையும் மையில் தொட்டு வைத்திருக்கிறேன். உற்றுப் பார். ஒரு நீல வட்டம் மட்டும் இருக்கும், உள்ளே ஒரு கோடும் இருக்காது. அதுதான் நான்.

முனீர்